சொல்லி வேலையில்லை

கோச் வந்த முதல் நாள் எங்கள் கால்பந்துத் திடலைக் காலால் அளந்தார். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், ஸ்கூடாயில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால், பெரிய சாலைக்கும் மாணவர் விடுதிக்கும் நடுவில் கிடந்த திடல் அது. மழை பெய்தால் ஒரு மூலையில் இரண்டு நாளுக்குத் தண்ணீர் நிற்கும். புதுத் தலைமைப் பயிற்றுநர் வருகிறார் என்று சொல்லியிருந்ததால் நாங்கள் இருபது பேரும் வரிசையாக நின்றோம். விசிலும் தொப்பியும் தொந்தியுமாக யாரோ வரப்போகிறார் என்று நினைத்திருந்தோம். வந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் ஆபீஸ் பேண்டும் போட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் வைத்தார். வெறுங்காலோடு ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கம்பம் வரைக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். பிறகு மறுபக்கமும் நடந்தார். திரும்பி வந்து, "தம்பியவை, இந்தப் பக்கம் மூண்டு அடி குறையுது. இவ்வளவு நாளும் நீங்கள் கோணல் திடலிலதான் விளையாடியிருக்கிறியள்" என்றார். திடல் கோணலாக இருந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பேசிய தமிழைக் கேட்டுத்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், அப்பா தொழிற்சாலையில் இருக்கிறார், மகன் கல்லூரியில் ஏதோ ஒரு டிப்ளோமா படிக்கிறான் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கதையும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சிலோன்காரர்கள் என்போம். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் அரசாங்க ஆபீசிலும் மேஜைக்கு அந்தப் பக்கத்தில்தான் அவர்களைப் பார்த்திருந்தோம். கோச்சும் அப்படித்தான். நில அளவை வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பைத்தியக்கார ஆசையில் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். இளம் வயதில் மாநிலத்துக்கு ஆடியவராம். அதை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் தெரியும். அணியில் இருந்த மலாய்ப் பையன்களிடமும் சீன கோல்கீப்பரிடமும் மலாயில் பேசுவார், அது எல்லோருக்கும் விளங்கியது. தமிழ்ப் பையன்களிடம் தமிழில் பேசுவார், அதுதான் விளங்கவில்லை.

ஆட்டத்தில் இடத்தை விட்டு ஓடியவனைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, நீர் எங்கை நிண்டனீர்?" என்று மரியாதையாகக் கேட்பார். அவன் முழிப்பான். பின்னாலிருந்து ஒருவன், "தண்ணி எங்க நின்னுச்சுன்னு கேக்குறாரு மச்சான், அந்த மூலையைக் காட்டு லா" என்பான். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடும். முதல் ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, ஆறுதலா விளையாடுங்கோ" என்றார். "அலமாக், இன்னும் தோக்கவே இல்ல, அதுக்குள்ள ஆறுதல் சொல்றாரு" என்று எங்கள் வலது பக்கத்துப் பின்வரிசைக்காரன் முணுமுணுத்தான்.

ஆறுதலா என்றால் அவர்கள் பேச்சில் அவசரப்படாமல், நிதானமாக என்று பொருள். இது எனக்குத் தெரியும். தம்போயில் எங்கள் வீட்டு வரிசையில் மூன்று கதவு தள்ளி இருந்த ஒரு சிலோன் ஆன்ட்டியிடம் இரண்டு வருஷம் ஆங்கில டியூஷன் போயிருக்கிறேன். ஆங்கிலம் பெரிதாக வரவில்லை. அந்த ஆன்ட்டி என்னைத் திட்டிய தமிழ் மட்டும் தங்கிவிட்டது. கெதியா என்றால் சீக்கிரம், வடிவா என்றால் ஒழுங்காக, ஏலாது என்றால் முடியாது. இப்படி ஒரு இருபது சொல் என் கையில் இருந்தது. அந்த இருபது சொல்லை வைத்துக்கொண்டு நான் அணியின் மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டேன். கோச் வாயைத் திறந்து மூடியதும் பத்துப் பதினைந்து முகங்கள் என் பக்கம் திரும்பும். நான் கொஞ்சம் பொறுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்வேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் நண்பனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை, பெக்கோக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். பெக்கோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து வந்து, ஸ்கூடாயில் ஐந்தாறு பையன்களோடு வாடகை வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் தம்போய் வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். என் அம்மா எனக்கு ஒரு துண்டு கோழி வைத்தால் அவனுக்கு இரண்டு வைப்பார். நான் பின்வரிசையில் ஆடுகிறவன். வருகிற பந்தை உதைத்து வெளியே தள்ளுவதோடு என் வேலை முடிந்தது. அவன் முன்வரிசை. காலில் பந்து வந்தால் அவன் அவசரப்பட மாட்டான். எதிரி நெருங்கி வரட்டும் என்று நிற்பான். எதிரி வந்து சேரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். எத்தனை தடவை பார்த்தும் எந்தப் பக்கம் போனான் என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

படிப்பு அவனுக்கு ஏறவில்லை. இரண்டு பாடம் போய்விட்டது. அந்த ஆண்டுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் மாமாவோடு லாரி வேலைக்கு ஏறிவிட வேண்டியதுதான் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். மாநில இளையோர் அணியில் இடம் கிடைத்து ஒரு சீசன் ஆடிவிட்டால் ஏதாவது நிறுவனத்து அணி கூப்பிடும், வேலையும் கொடுக்கும் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். எங்களுக்கு அது மாமாக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுகிற பேச்சு. அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது. புதுக் கோச் மாநிலத்துக்கு ஆடியவர் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. பழைய கோச் எங்களைத் திட்டாத நாளில்லை. வாயைத் திறந்தால் எங்கள் தாத்தா வரைக்கும் போய்விட்டுத்தான் வருவார். ஆனால் நல்ல கோல் போட்டால் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுப்பார், அது நாள் முழுக்க எரியும், சந்தோஷமாக இருக்கும். இவரிடம் திட்டும் இல்லை, அறையும் இல்லை. பெக்கோக்காரன் இரண்டு கோல் போட்ட அன்றும், "தம்பி, உம்மட இடது கால் இன்னும் நித்திரை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போதாததற்கு முதல் பாதியில் அவனை வெளியே உட்கார வைப்பார். எதிரணி களைத்த பிறகு இறக்குவார். அது அவருடைய ஆட்டத் திட்டம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படித் தெரியவில்லை. "இவருக்கு என்னைப் பிடிக்கலடா" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான்.

ஆனால் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் முதல் சுற்றைத் தாண்டி அறியாத அணி, அந்த ஆண்டு காலிறுதி வரை போய்விட்டது. கல்லூரியில் பெண் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கேன்டீன் அக்கா என் தட்டில் கேட்காமலே முட்டை வைத்தார். கோச் அதே வெள்ளைச் சட்டையோடு கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், சத்தம் போட மாட்டார். வேண்டுமானால் கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

காலிறுதி ஆட்டம் குளுவாங்கில் நடந்தது. இரண்டாம் பாதியில் பெக்கோக்காரனை இறக்கினார். பந்தை இடது பக்கத்துக்குக் கொடு, கொடு என்று கோச் ஓயாமல் கை காட்டினார். அவனும் கொடுத்தான். கடைசி ஐந்து நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. நடுத் திடலில் அவனுக்குப் பந்து கிடைத்தது. கோச் கை இடது பக்கம் நீண்டது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒருவன், இரண்டு பேர், மூன்றாவது ஆள் தானாகவே விழுந்தான், நான்காவதாக கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய், பந்தை உள்ளே உருட்டிவிட்டு நின்றான். நாங்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்தோம். கோச் நின்ற இடத்திலேயே நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மற்றவர்கள் கல்லூரி வேனில் போனார்கள். தம்போய் அவர் போகிற வழி என்பதால் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஆயர் ஈத்தாம் தாண்டினோம். மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடுவதைப் பார்த்தபடி, "உம்மட கூட்டாளி இருக்கிறானே" என்றார். நான் திரும்பினேன். "அவனைச் சொல்லி வேலையில்லை" என்றார். மறுபடியும் அதே தலையாட்டல். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் சொன்னதை அவனிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்றார். "ஓம் கோச்" என்று, அவர் ஆமாம் சொல்லும் பாணியிலேயே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் பேச்சில் ஒருவனைப் பற்றி அலுத்துப்போனால், "அவன்கிட்ட சொல்லி வேலைக்கு ஆகாது" என்போம். அதைத்தான் இவர் தன் தமிழில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் கொடு என்று அத்தனை தடவை கை காட்டியும் கேட்காதவனைப் பற்றி வேறு என்ன சொல்வார்? அவனிடம் சொல்லாதே என்றதும், பாவம், மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் சொல்லி, வேலை, இல்லை. மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள். அகராதியில் தேடவும் இடமில்லை, ஆன்ட்டியிடம் கேட்கவும் தோன்றவில்லை.

பத்து நாள் அதை என் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்னால் ஆட்டக்காரர் பட்டியல் ஒட்டினார்கள். பெக்கோக்காரன் பெயர் மறுபடியும் மாற்று ஆட்டக்காரர்களில் இருந்தது. பயிற்சி முடிந்து இருவரும் மாமாக் கடையில் உட்கார்ந்தோம். அவன் தே ஓ ஐஸ் கிளாசில் இருந்த பனிக்கட்டியை ஸ்ட்ராவால் குத்திக்கொண்டே இருந்தான்.

"கோச்சு உன்னைத்தானே கார்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. என்னைப் பத்தி எதனா சொன்னாரா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"சொன்னா நீ கோவப்படக் கூடாது."

"சொல்லுடா."

"உன்னைச் சொல்லி வேலையில்லையாம். உன்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆகாதுங்கறாரு. தலையை ஆட்டிக்கிட்டே சொன்னாரு."

அவன் ஐஸைக் குத்துவதை நிறுத்தினான். "அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

"நீ சரியாத்தான் கேட்டியா மச்சான்? அவரு பேசறது நமக்கு..."

"டேய், அவரு பேசறது எனக்குப் புரியாதா?"

அவன் தலையை ஆட்டினான். "சரிடா" என்றான். கிளாசில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான்.

நண்பன் திருந்தட்டும் என்றுதான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யில்லை. ஆனால் என் அம்மா வைத்த இரண்டாவது கோழித் துண்டும் அதில் இருந்தது. குளுவாங்கில் எல்லோரும் அவன் மேல் விழுந்தபோது நான் கடைசியாகத்தான் போய் விழுந்தேன். அவன் முகம் ஒரு தடவை வாடட்டுமே என்று எனக்குள் ஏதோ ஒரு மூலையில் ஆசை இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

அரையிறுதி எங்கள் திடலிலேயே நடந்தது, சனிக்கிழமை சாயங்காலம். பெக்கோக்காரன் வரவில்லை. காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான் என்று அவன் வீட்டுப் பையன்கள் சொன்னார்கள். போன் அடைத்துக் கிடந்தது. கோச் வாசல் கேட்டுக்குப் போய் நின்றார். ஆட்டம் தொடங்குகிறது என்று நடுவர் ஆள் அனுப்பிய பிறகுதான் திரும்பி வந்தார். சாலையில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். நாங்கள் இரண்டு கோலில் தோற்றோம். இரண்டாவது கோல் என் காலில் பட்டு உள்ளே போனது. தகரக் கொட்டகையின் கீழே கண்ணாடி போட்ட ஒருவர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோச்சிடம் போய் ஏதோ கேட்டார். கோச் தலைகுனிந்து பதில் சொன்னார். கண்ணாடிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு நானும் கோச்சும் கோல் வலையைச் சுருட்டினோம். "அந்த மனுசன் மாநிலத் தெரிவுக் குழு ஆள்" என்றார் கோச். "பெக்கோக் தம்பியைப் பாக்கத்தான் வந்தவர். நான்தான் மூண்டு தரம் போன் எடுத்து அவரைக் கூப்பிட்டனான். ரெண்டாம் பாதியில இறக்கிறன் எண்டும் சொல்லி வைச்சனான். முன்னமே தெரிஞ்சால் பெடியன் பயந்திடுவான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை." வலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நான் அவனுக்கு ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல கோச்" என்றேன்.

அன்றைக்காவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். உதவாக்கரை என்று நினைக்கிற ஒருவனுக்காக யாராவது மூன்று தடவை போன் செய்வார்களா? நான் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கும் ஒரு வழி காட்ட நினைத்தாரே, எவ்வளவு பெரிய மனசு என்று கோச்சைப் பற்றி நெகிழ்ந்துபோனேன். அதோடு, சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டோம், இவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் மற்றதெல்லாம் அடங்கிவிட்டது.

அடுத்த வாரம் கோச் தனியாக பெக்கோக் போய் வந்தார். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பையன் வீட்டில் இல்லை, மாமாவோடு லாரியில் போயிருக்கிறான் என்று தாயார் சொன்னாராம். "ஒண்டும் அவசரமில்லை, அவன் ஆறுதலா வரட்டும் எண்டு தாய்க்குச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். அவன் வரவில்லை. அந்த செமஸ்டரோடு கோச்சின் ஒப்பந்தமும் முடிந்தது. கல்லூரி அதைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நடந்து போனார். அந்தத் திடலில் இப்போது கார்கள் நிற்கின்றன.

பிறகு வாழ்க்கை அது பாட்டுக்கு ஓடியது. எனக்கு சிங்கப்பூரில் வேலை, வீடு தம்போயிலேயே. இருட்டோடு எழுந்து பாலம் தாண்டி, இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு. பெக்கோக்காரன் போன் நம்பரை மாற்றிவிட்டான், நான் தேடவில்லை. தேடாததற்குக் காரணம் கேட்டால் நேரமில்லை என்பேன். இதில் இன்னொரு கேவலமும் உண்டு. கோச்சின் அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போய், அதை என் சொந்தப் பேச்சாக்கிக்கொண்டேன். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் எதையாவது சொதப்பினால், "உன்னைச் சொல்லி வேலையில்லை" என்பேன். என் தம்பியை அப்படிச் சொல்லியிருக்கிறேன், என் மகளைக்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் கோச் தவறிவிட்ட செய்தி வந்தது. லீவு எடுத்துக்கொண்டு போனேன். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய மெதடிஸ்ட் தேவாலயம். அவர் வேதக்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆராதனை முடிந்து, பின்னால் இருந்த மண்டபத்தில் காப்பி கொடுத்தார்கள். கோச்சின் அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பழைய மாணவன், அவரிடம் பந்து ஆடியவன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். "உங்களுக்கு அவரைப் பந்தாலதான் தெரியும். சின்ன வயசில சேர்ச்சில அவர் பாட்டுப் படிச்சால், ஐயோ தம்பி, சொல்லி வேலையில்லை" என்றார்.

துக்க வீட்டில் இப்படியும் சொல்வார்களா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சூழ்நிலையைச் சமாளிக்கச் சிரித்து, "அவ்வளவு மோசமாவா பாடுவாரு ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். "மோசமோ? ஆர் சொன்னது?"

"நீங்கதான் ஆன்ட்டி. சொல்லி வேலையில்லைன்னு..."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. "அட, நீங்கள் இந்தியாப் பக்கத்து ஆக்களே. சொல்லி வேலையில்லை எண்டால், சொல்லுறதுக்குச் சொல்லே காணாது எண்டு, தம்பி. அவ்வளவு திறம். அவ்வளவு வடிவு" என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மண்டபத்துச் சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. என் காதில் வைப்பர் சத்தம்தான் கேட்டது. அப்படியென்றால் ஏன் அவனிடம் சொல்லாதே என்றார்? இதையும் அந்த அம்மாவிடமே கேட்டேன், யாரைப் பற்றி, எதற்கு என்று சொல்லாமல். "பிள்ளையளை முகத்துக்கு நேரே புகழக் கூடாது எண்டு எங்கட அம்மா சொல்லுவா. நாவூறு பட்டிடும். வேதக்காரர் எண்டாலும் அந்தப் பயம் எங்களை விட்டுப் போகேல்லை" என்றார். நாம் கண் திருஷ்டி என்பதைத்தான் அவர் நாவூறு என்கிறார். அவன் மேல் யார் கண்ணும் படக் கூடாது என்று கோச் பயந்திருக்கிறார். கண் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை, அது அவர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன். செத்தவருக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று அவர் கேட்டாரே, அதற்காக அழுதேன். அந்தக் கேள்வியை அவர் எத்தனை வருஷம் சுமந்தாரோ. ஒரு வார்த்தை, "ஆமா கோச், நீங்க இப்படிச் சொன்னதா நான் அவன்கிட்ட சொன்னேன்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவர் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அதற்குப் பொருள் சொல்லியிருப்பார். அன்றே பெக்கோக்குக்குக் காரைத் திருப்பியிருப்பார்.

பெக்கோக்காரன் நம்பரைத் தேடிப் பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. இரண்டு பேரிடம் கேட்டேன், கிடைத்துவிட்டது. இதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். அவன் வீட்டு வாசலில் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி நின்றது. தொப்பை போட்டிருந்தான், முன் தலையில் முடி இல்லை. என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "டேய் தம்போய், வழி தெரிஞ்சிச்சா?" என்றான். மனைவியைக் கூப்பிட்டு, இவன் வீட்டுச் சோறு தின்றுதான் நான் படித்தேன் என்று சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போட உள்ளே போனார்.

சொன்னேன். கார், மழை, தலையாட்டல், அந்த வாக்கியம், அதன் பொருள், கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் யாரைப் பார்க்க வந்தார் என்பது, எல்லாம். என் பொறாமையையும் மறைக்கவில்லை. என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அவரு இங்க வந்தப்ப நான் வீட்லதான் இருந்தேன்" என்றான். "பின்னால குளிக்கிற ரூம்புல ஒளிஞ்சிக்கிட்டேன். திட்ட வந்திருக்காருன்னு நெனச்சேன்."

"மச்சான், நான் செஞ்சது..."

"உன் மேல கோவம் இல்லடா. அப்ப இருந்துச்சு, அவரு மேலயும் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன், மனுஷன் உண்மையைத்தானே சொன்னாரு. எனக்குப் பந்து வரல, அவ்ளோதான்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்க ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. ஒத்துக்கிட்ட பிறகு நிம்மதியா இருந்தேன் மச்சான். வராத ஒண்ணைத்தானே விட்டுட்டு வந்தோம். டிவில பந்து போட்டாக்கூட ஒண்ணும் பண்ணாது, பார்த்துட்டுத் தூங்கிடுவேன்."

லாரியின் பக்கம் பார்த்தான்.

"இப்ப நீ வந்து, எனக்கு வந்துச்சுங்கற. இதை நான் எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?"

நான் மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். என் மனசில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். இறக்கி வைத்தது அவன் மேல் என்பது அவன் அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அவன் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தான். "இரு, வந்துடறேன்" என்றான். லாரியை உறுமவிட்டுப் பின்னால் எடுத்து, தோட்டத்து ரோட்டில் இறக்கிக்கொண்டு போனான்.

அவன் மனைவி மூன்று கிளாஸ் தேத்தண்ணியோடு வெளியே வந்து, காலியான வாசலைப் பார்த்தார். "எங்கண்ணே போறாரு? ஞாயித்துக்கிழமை அவருக்கு வேலை இல்லையே" என்றார்.